உள்ளேன், அம்மா

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது அதுவாக ரேடியோவில் வந்தது.

நான் எண்ணெய்வயல் முகாம் ஒன்றில் சமையல்காரி. வடக்கு ஆல்பர்ட்டாவில், நெடுஞ்சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் திரும்பி ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்தால் எங்கள் முகாம். சமையலறை அலமாரியில், மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில், லாரிக்காரர்களின் ரேடியோ ஒன்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். யார் எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள் என்று அதில் தெரியும். அதற்கேற்ப மேசையில் தட்டு வைப்பேன். இங்கே எல்லா முகாம் சமையல்காரர்களும் செய்கிற காரியம்தான். இல்லாவிட்டால் இறைச்சி காய்ந்துபோகும், திட்டு நமக்கு விழும்.

ஆக, இந்தக் கதையில் பாதி நான் ரேடியோவில் கேட்டது. பாதி லாரி ஓட்டும் நோரீன் சொன்னது. மூன்றாவது பாதி நானாகப் போட்டது. (கணக்கு உதைக்கிறதே என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவர்களுக்கு மூன்று பாதி உண்டு.)

நோரீனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனி பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் தன் முதல் டேங்கர் லாரியின் சாவியை நடுங்கும் கைகளால்—"

அடித்துவிட்டேன். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து என்றால் பனியெல்லாம் பெய்யாது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், மூக்குமுடி உறையும், அவ்வளவுதான். அதுகூடப் போகட்டும். புதிதாக வேலைக்குச் சேருகிற ஆள் என்றாலே இருபத்திரண்டு வயதுப் பையன் என்று கை தானாக எழுதுகிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நோரீனுக்கு வயது நாற்பத்தாறு. கை நடுங்கவும் இல்லை. பதினெட்டு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் அவள்.

அடுத்த முயற்சி:

"அவள் பச்சைத் தொப்பி போட்டிருந்தாள்."

இது தேவலை. எண்ணெய்வயலில் புதிதாக வருகிறவர்களுக்குத் தலைக்கவசம் பச்சை. மேற்பார்வையாளர் சரி என்று சொல்லும்வரை அதுதான். சொன்னபிறகு வெள்ளை. நூறடி தூரத்திலிருந்தே 'இது இன்னும் தேறாத ஆள்' என்று எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பாதுகாப்புக்காக என்பார்கள். பாதுகாப்பும் உண்டு, கேலியும் உண்டு.

இருபது வயதில் பச்சைத் தொப்பி போட்டால் அது ஒரு விளையாட்டு. நாற்பத்தாறு வயதில், நரைத்த முடிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைவது வேறு. முதல் நாள் நோரீன் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டேன்.

3

அவள் ஊரில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிள்ளைகள் இல்லாத ஊரில் பேருந்துக்கு என்ன வேலை? அதை விற்றுவிட்டார்கள். பெரிய வண்டி ஓட்டத் தெரிந்த, கையில் உரிமம் இருக்கிற ஆளுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரே வேலை எண்ணெய்வயல் லாரிதான். கிணறுகளில் எண்ணெயோடு கூடவே உப்புத் தண்ணீரும் வரும். அதை டேங்கரில் ஏற்றிக் கீழே கொண்டுபோய், பூமிக்குள் திரும்பச் செலுத்துகிற நிலையத்தில் விடவேண்டும். லோடோடு கீழே, காலியாக மேலே. அவ்வளவுதான் வேலை.

வேலை எளிது. பாதைதான் எளிதல்ல. இரண்டு லாரி ஒதுங்கமுடியாத அகலம், இரு புறமும் ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம், எதிரே வருவது தெரியாத வளைவுகள். போன் எடுக்காது. அதனால் பாதைக்கு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பலகை. ஒவ்வொரு பலகையைத் தாண்டும்போதும் ரேடியோவை அமுக்கிச் சொல்லவேண்டும்: "லோடு முப்பத்தெட்டு." "காலி பத்து." இதைக் கேட்டு, காலி வண்டிக்காரர் ஒதுங்குமிடத்தில் நின்று லோடு வண்டிக்கு வழி விடவேண்டும். சொல்லவேண்டியது அந்த இரண்டு வார்த்தைதான். மூன்றாவது வார்த்தை சொன்னால் அது வம்பு.

நோரீன் முதல் நாள் என்ன சொன்னாள் தெரியுமா?

"காலி பத்து. எல்லாருக்கும் காலை வணக்கம். பாத்து மெதுவா வாங்க, நன்றி."

பிறகு அம்ப்ரோஸ் குரல் வந்தது.

"ஆத்தாடி! யாருப்பா அது, சர்ச்சுல இருந்து பேசுறது?"

அம்ப்ரோஸ் கிழக்குக் கடலோரத்து நியூஃபவுண்ட்லாந்துக்காரன். கடலை விட்டு எண்ணெய்க்கு வந்தவன். வாய் மூடமாட்டான், வேலையும் பழுதில்லை. பெண்கள் ஆண்கள் எல்லோரையும் அவன் ஊர் வழக்கப்படி ஒரு செல்லச் சொல்லால்தான் கூப்பிடுவான். அதை "என் அன்பே" என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். ஆள் அடி வாங்குவான் போல இருந்தது. அதனால் "கண்ணு" என்று வைத்திருக்கிறேன். கொங்குப் பக்கத்து ஆள் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஸ்கூல் பஸ் ஓட்டுச்சாம் அது," என்று இன்னொரு குரல். ரெமி என்கிற டிரைவர்.

"அப்பிடியா! அப்ப சரி. பஸ்ஸம்மா, லோடு நாப்பது வருது, கண்ணு. சீட்டுல ஒழுங்கா உக்காந்துதான் வர்றேன்."

அன்றிலிருந்து பஸ்ஸம்மா என்பதே பெயர்.*

* பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டம் முடிந்ததும் கடைசி இருக்கைவரை நடந்துபோய்ப் பார்ப்பார்கள், எந்தப் பிள்ளையாவது தூங்கிப்போய்க் கிடக்கிறதா என்று. நோரீன் டேங்கரை நிறுத்திவிட்டு இறங்கும்போதும் ஒருமுறை பின்னால் எட்டிப் பார்ப்பாள். பின்னால் இருப்பது இருபதாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் தகர உருளை. "என்னத்தப் பாக்குற?" என்று கேட்டேன். "தெரியல, கழுத்து தானாத் திரும்புது," என்றாள்.

4

பிறகு அவள் ஒரு தவறு செய்தாள். பேருந்துக்காரிதான் அந்தத் தவறைச் செய்யமுடியும்.

அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். மற்ற டிரைவர்கள் ரேடியோவில் தங்களுக்கு எதிரே வருகிற வண்டியை மட்டும் கவனிப்பார்கள். அது கடந்துபோனால் மறந்துவிடுவார்கள். நோரீனுக்கு அப்படி முடியவில்லை. யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று பாதை முழுக்க அவள் தலைக்குள் ஓடும். ஏறிய பிள்ளை இறங்கியாகவேண்டும்.

ஒரு நாள் அம்ப்ரோஸ் "லோடு முப்பது" என்றான். அப்புறம் இருபத்தெட்டு வரவில்லை. இருபத்தாறு வரவில்லை. நோரீன் ரேடியோவை அமுக்கி, "எல்லாரும் நில்லுங்க! அம்ப்ரோஸக் காணோம்!" என்று கத்தினாள். பாதை மொத்தமும் நின்றது. கீழேயிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பியது. மேற்பார்வையாளர் மார்செல் தன் வண்டியைப் போட்டுக்கொண்டு பறந்து வந்தான்.

அம்ப்ரோஸ் பழைய கிணற்றுப் பக்கமாகத் திரும்பி, எஞ்சினை ஓடவிட்டு, சாண்ட்விச் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடியை மார்செல் தட்டியபோது, "விடிஞ்சிருச்சா?" என்றானாம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நடந்ததைக் கேட்காதீர்கள். நோரீன் தட்டோடு உள்ளே வந்ததும் மொத்தக் கூடமும் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒரே குரலில்:

"உள்ளேன், அம்மா!"

(அவர்கள் சொன்னது அவர்கள் பள்ளிக்கூடத்து வார்த்தை. நான் நம்முடையதைப் போட்டிருக்கிறேன். சத்தம் ஒன்றுதான்.)

நோரீனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கவுண்டருக்கு வந்து, "உப்பு குடு," என்றாள். உப்பு அவள் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ரேடியோவில் அதே பாட்டு. "லோடு இருபது. உள்ளேன், அம்மா." "காலி ஆறு. உள்ளேன், அம்மா, ஒன்னுக்குப் போகலாமா?"

மார்செல் சிரிக்கவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "பாருங்க நோரீன், நீங்க நல்லா ஓட்டுறீங்க. அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா இன்னொரு தடவ காரணமில்லாம பாதைய நிறுத்துனீங்கன்னா, ஒங்கள டவுனுக்கு அனுப்பிடுவேன். அங்க வண்டி கழுவுற எடத்துல ஆள் வேணுமாம்."

"சரி," என்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல."

எடுத்துக்கொண்டாள். எப்படி எடுத்துக்கொள்ளாமல் இருப்பாள்?

5

டிரைவர்களில் இன்னொருவன், டுவெய்ன் ஃப்ரீசன். அவனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவன் இருந்தானா என்பதில் அல்ல, நான் எழுதியபடி இருந்தானா என்பதில்.

முதல் பிரதியில் அவனைக் கொஞ்சம் கெட்டவனாக்கி வைத்திருந்தேன். பாதை நின்ற அன்று அவன் நிலையத்தில் தன் முறையைத் தவறவிட்டான். அந்தக் கோபத்தில் நோரீன் முகத்துக்கு நேரே, "இங்க பாருங்கம்மா, இது ஸ்கூல் பஸ் இல்ல. எங்களுக்கு மூக்குத் தொடச்சு விட ஆள் வேண்டாம்!" என்று மேசையில் குத்தியதாக எழுதினேன். கடைசியில் அவனே காணாமல் போகும்போது நன்றாக இருக்கும் அல்லவா?

ஒரு மத்தியானம், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இதை நோரீனுக்கு இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பொய்."

"எது?"

"டுவெய்ன் மேசைல குத்துனான்னு. அவன் குத்துற ஆளா? அவன் சாப்பாட்டுக்கு முன்னாடி தலையக் குனிஞ்சு ஜெபம் பண்ணுவான், சாப்பிடுவான், போயிருவான்."

"திட்டினான்ல?"

"திட்டல. நான் உக்காந்ததும் தட்ட எடுத்துக்கிட்டு வேற மேசைக்குப் போனான். அவ்வளவுதான்."

"அது திட்டறத விட மோசம்டி."

"ஆமா," என்றாள். "அதையே எழுது. ஜாஸ்தி போடாத. ஒனக்கு எல்லாத்துலயும் கை ஜாஸ்தி. மொளகு மாதிரி."

மிளகு விஷயம் உண்மை. டுவெய்னும் அதைத்தான் சொல்வான். லா க்ரீட் ஊர்ப் பக்கத்து, மென்னனைட் என்கிற பழைய கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பையன், முப்பது வயது, அமைதி. எந்நேரமும் வாயில் சூரியகாந்தி விதை. ஒரு கன்னத்தில் போட்டு, பல்லால் உரித்து, தொலியை ஒரு கோப்பையில் துப்பிக்கொண்டே ஓட்டுவான். என் சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாருக்கு குக்கி, ஆனா மொளகு," என்பான். (முகாமில் சமையல்காரி என்றால் குக்கி.) முழு வாக்கியம் சொல்லமாட்டான். அவனுக்காக மிளகு போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்துவிடுவேன்.

இன்னொன்று. அவன் ஒரு பலகையையும் விடமாட்டான். அம்ப்ரோஸ் நினைத்தால் சொல்வான், நினைக்காவிட்டால் பாடுவான். டுவெய்ன் அப்படியல்ல. பலகை வந்தால் அவன் குரல் வரும். இரண்டே வார்த்தை, சுருதி மாறாமல். அவன் பெயரைக்கூட யாரும் கேட்கவேண்டியதில்லை.

நோரீன் அதைக் கவனித்து வைத்திருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனவனைத்தான் அவள் நன்றாகக் கவனித்து வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "பஸ்ல சத்தம் போடுற பிள்ளையப் பத்திக் கவலையே இல்ல. அது இருக்குறது தெரியும்," என்றாள்.

6

ஜனவரி மாதம். மத்தியானம் சாய்கிற நேரம், சூரியன் மரத்தின் உச்சிக்கு இறங்கியிருந்தது. குளிர் முப்பத்தைந்தைத் தொட்டிருந்தது. நோரீன் காலி வண்டியோடு மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

"லோடு முப்பத்தாறு." டுவெய்ன்.

நோரீன் இருபத்துநாலாவது கிலோமீட்டர் ஒதுங்குமிடத்தில் வண்டியை ஓரம் கட்டினாள். அதற்கு மேலே வெகுதூரத்துக்கு ஒதுங்க இடமே இல்லை. முப்பத்துமூன்றில் ஓடை வளைவு என்று ஒரு பொல்லாத வளைவு வேறு. "காலி இருபத்துநாலு, ஒதுங்கியாச்சு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முப்பத்துநாலு வரவேண்டும்.

வரவில்லை.

சரி, மெதுவாக வருகிறான். கையுறையைக் கழற்றினாள், போட்டாள். முப்பத்திரண்டாவது வந்திருக்கவேண்டும். அதுவும் இல்லை. அவளுக்குப் பின்னால் ரெமியின் காலி வண்டி வந்து நின்றது.

"என்ன பஸ்ஸம்மா," ரெமி ரேடியோவில், "பிள்ளைங்க ஏறட்டும்னு நிக்கிறீங்களா?"

"லோடு வருது. அதான்."

"யாரு?"

"டுவெய்ன்."

"அவன் போயிருப்பான்."

"என்னத் தாண்டாம எப்பிடிப் போவான்?"

ரெமி ஹாரனை அடித்தான். அவனுக்கு அவசரம்.

7

[இந்த இடத்தில் நோரீனின் மனதுக்குள் புகுந்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். காற்று, மரம், அவள் அப்பா, என்னென்னமோ. கிழித்துப் போட்டுவிட்டேன். உண்மையில் அவள் மனதில் இருந்தது இரண்டே விஷயம்.]

ஒன்று: டுவெய்ன் ஓடையில் விழுந்திருக்கலாம். எஞ்சின் நின்றால் அந்தக் குளிரில் வண்டிக்குள் சூடு கொஞ்ச நேரம்தான் நிற்கும். பின்னால் வருகிற லோடு வண்டி அம்ப்ரோஸுடையது. அவன் பாட்டுப் பாடிக்கொண்டே அந்த வளைவைக் கடந்துவிடுவான், கீழே பள்ளத்தில் கிடப்பது தெரியாது. அப்புறம் டுவெய்னைக் காணோம் என்று முதலில் தெரியவருவது சமையல்காரியான எனக்குத்தான், ராத்திரிச் சாப்பாட்டில், மிஞ்சுகிற தட்டைப் பார்த்து.

இரண்டு: டுவெய்னின் ரேடியோ கெட்டுப்போயிருக்கலாம். டயரில் சங்கிலி மாட்ட நின்றிருக்கலாம். அப்படி இருந்து, அவள் மறுபடி பாதையை நிறுத்தினால், நாளைக்குக் காலையில் பச்சைத் தொப்பியோடு டவுனில் வண்டி கழுவவேண்டும். இந்த வயதில் அவளுக்கு இன்னொரு வேலை எவன் தருவான்? அதுவும் போகட்டும். அந்தக் கூடம் மறுபடி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதை இன்னொரு முறை தாங்கமுடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் ரேடியோவைக் கையில் எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள்.

"என்னடி யோசிச்ச?" என்று கேட்டேன்.

"ஒன்னும் யோசிக்கல. வாய்ல தானா வந்துச்சு."

நான் நம்பவில்லை. அவள் செய்தது வாய் தவறி வருகிற காரியமல்ல. பேருந்தில் பிள்ளைகள் கேலி செய்தால் அந்தக் கேலியைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒருத்தியின் காரியம் அது.

8

"சரி பிள்ளைங்களா," என்றது ரேடியோ, என் மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில். "அட்டென்டன்ஸ் எடுக்கப் போறேன். பேர் சொன்னா பதில் வரணும். ரெமி?"

ரெமி சிரித்துவிட்டான். "உள்ளேன், அம்மா. ஒங்க பம்பருக்குப் பின்னாடியே உள்ளேன்."

"ஹெக்டர்?"

ஹெக்டர் பாதையில் பனி வழிக்கிற வண்டியை ஓட்டுகிறவர். வயதானவர், கேலியில் கலந்துகொள்ளாதவர் என்று நினைத்திருந்தேன். "உள்ளேன், அம்மா. நாப்பத்தெட்டு. வீட்டுப்பாடம் செய்யல, வயித்துவலி."

"நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வரணும். அம்ப்ரோஸ்?"

"உள்ளேன், அம்மா! லோடு நாப்பத்திரண்டு. திங்கல, தூங்கல, சமத்தா வர்றேன், கண்ணு. வேணும்னா ஒரு பாட்டுப்—"

"வேண்டாம். டுவெய்ன்?"

ரேடியோ கரகரவென்றது.

நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி கையில் இருந்தது. கரகரப்பு நீண்டுகொண்டே போனது.

இரண்டாவது முறை அவள் முழுப் பெயரையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"டுவெய்ன் ஃப்ரீசன்?"

சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைக்கவில்லை.

"நோரீன்." அம்ப்ரோஸ்தான். அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவன் முப்பத்தாறு சொன்னத நானும் கேட்டேன். அதுக்கப்புறம் கேக்கல."

"நானும் கேக்கல," என்றான் ரெமி.

"நானும்," என்றார் ஹெக்டர்.

பிறகு மார்செல் குரல் வந்தது. கீழே அலுவலகத்தில் அவனும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க," என்றான் அவன். "அம்ப்ரோஸ் மட்டும் வரட்டும். மெதுவா வா. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சொல்லு. ஆம்புலன்ஸ் கெளம்பியாச்சு."

அம்ப்ரோஸ் வந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"முப்பத்தேழு. தடம் நேரா இருக்கு."

"முப்பத்தாறு. நேரா இருக்கு."

"முப்பத்தஞ்சு."

"முப்பத்துநாலு. எறங்குது பாதை. மெதுவாப் போறேன்."

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

"ஓடை வளைவு. ஒரு தடம் பாதைய விட்டுக் கீழ போகுது." அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "நான் எறங்கிப் பாக்குறேன். எறங்கிட்டா ரேடியோ கெடையாது. யாரும் பேசாதீங்க. நான் வந்து சொல்றேன்."

கதவு அடைபடுகிற சத்தம் கேட்டதாக ரெமி சொல்கிறான். எனக்குக் கேட்கவில்லை.

9

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதல் முடிவு. டேங்கர் பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. உள்ளே டுவெய்ன் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ரேடியோவின் அறுந்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சூரியகாந்தி விதை உரித்துக்கொண்டிருக்கிறான். அம்ப்ரோஸ் கட்டிப்பிடித்து அழுகிறான். சாப்பாட்டுக் கூடத்தில் மார்செல் எழுந்து வெள்ளைத் தொப்பியை நோரீன் தலையில் வைக்கிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

இதை வாசித்துக் காட்டியபோது நோரீன் சிரித்த சிரிப்பில் உருளைக்கிழங்கு உருண்டு கீழே விழுந்தது. "மார்செல் தொப்பி குடுப்பானா? அவன்கிட்ட ஒரு பேனா வாங்கறதுக்கே நாயா அலையணும்."

இரண்டாம் முடிவு. "அம்ப்ரோஸ் கதவைத் திறந்தபோது டுவெய்ன் பெல்ட் போட்டபடியே, தலையைக் குனிந்து, ஜெபம் செய்கிறவன் மாதிரி—"

இதற்கு மேல் எழுத முடியவில்லை. வாசித்துக் காட்டவும் இல்லை.

மூன்றாம் முடிவு. கீழே போகிற தடம் யாரோ வேட்டைக்காரனுடைய பழைய தடம். டுவெய்ன் பாதையோரமாக ஒரு பழைய கிணற்றுப் பக்கம் திரும்பி, வண்டியை நிறுத்தி, மரத்தடியில் ஒன்றுக்கு இருந்துவிட்டுச் சாவகாசமாக டயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ரேடியோவில் ஒரே சிரிப்பு. மறுநாள் நோரீன் டவுனில் வண்டி கழுவுகிறாள்.

"இது எப்பிடி?" என்று கேட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள், எடுத்தாள்.

"அம்ப்ரோஸ் எறங்குனான்ல," என்றாள். "அப்ப நான் இதத்தான் வேண்டிக்கிட்டு இருந்தேன், குக்கி. அவன் எங்கயோ மரத்தடியில ஒன்னுக்கு இருந்துட்டு நிக்கணும். எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்கணும். நாளைக்கே என்ன அனுப்பிடட்டும். ராத்திரி அந்தக் கூடம் மொத்தமும் எந்திருச்சு நிக்கட்டும், அவனும் அதுல நிக்கட்டும். வேற ஒன்னுமே கேக்கல நான்."

அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் அன்றைக்கு இல்லை, அதனால் அதன்மேல் பழி போடவும் வழியில்லை.

10

அவள் நிபந்தனை என்னவென்று கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

"முடிவ எழுதாத," என்றாள். "எழுதுனா, ஆள் பொழைச்சானா இல்லையான்னு பாத்துட்டுக் கதைய மூடிருவாங்க. நாங்க எல்லாம் எஞ்சின ஓடவிட்டுட்டு அந்த ரேடியோவப் பாத்துக்கிட்டே நின்னோம்ல, அங்க அவங்களும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

எனக்கு முதலில் கோபம் வந்தது. மூன்று முடிவு எழுதிய கை அல்லவா? பிறகு யோசித்தபோது அவள் சொல்வதுதான் சரி என்று பட்டது. ஒப்புக்கொண்டேன்.

நடந்த ஒன்றை மட்டும் சொல்ல அனுமதி தந்திருக்கிறாள். அன்றிலிருந்து, சூரியன் மரத்துக்கு இறங்குகிற நேரத்தில், எங்கள் பாதையில் தினமும் அட்டென்டன்ஸ் உண்டு. யாரும் உத்தரவு போடவில்லை. மார்செலும் தடுக்கவில்லை. அது நன்றியில் வந்த வழக்கமாகவும் இருக்கலாம், துக்கத்தில் வந்த வழக்கமாகவும் இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் இதே மாதிரிதான் இருந்திருக்கும். நோரீன் பெயர் சொல்கிறாள், அவர்கள் பதில் சொல்கிறார்கள். இப்போது யாரும் கேலியாகச் சொல்வதில்லை. அம்ப்ரோஸ் மட்டும் கண்ணு சேர்த்துக்கொள்வான். டுவெய்ன் பெயரையும் அவள் சொல்கிறாள். அந்த இடத்தில் என்ன கேட்கிறது என்பதை நான் எழுதப்போவதில்லை.

அன்றைய சாயங்காலத்துக்குத் திரும்பி வருகிறேன். வழிந்த சூப்பைத் துடைத்தேன். ரேடியோவில் இன்னும் யாரும் பேசவில்லை. சும்மா நிற்க முடியாமல் மேசையில் தட்டு வைக்க ஆரம்பித்தேன். ரெமிக்கு, ஹெக்டருக்கு, அம்ப்ரோஸுக்கு, நோரீனுக்கு. மற்ற மேசையில், அவன் எழுந்துபோய் உட்கார்ந்த அந்த இடத்தில், டுவெய்னுக்கு ஒன்று வைத்தேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு வந்து நோரீன் தட்டுக்கு எதிரே வைத்தேன். மிளகு போடாத கிண்ணத்தை மூடி அதன் பக்கத்தில் வைத்தேன்.

கதை இங்கேதான் நிற்கிறது. அம்ப்ரோஸ் பள்ளத்தில் இறங்கியிருக்கிறான். ரேடியோ கரகரக்கிறது. தட்டு அங்கேயே இருக்கிறது, சூப் இன்னும் சூடாக இருக்கிறது. அந்தத் தட்டை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், நீங்களே எடுங்கள். என்னால் ஆகாது.